தோட்டத்து பிக்கப்புக்கு முன்னாடி சாலிட் ஆக்சில்: செவ்வாய்பேட்டை லேத் பட்டறை எப்படி?

"லோடு ஏத்தி அளந்தீங்களா, இல்ல சும்மா நிக்கிற வண்டிய அளந்தீங்களா?"

எங்க பிக்கப்புக்கு முன்னாடி மாட்ட வாங்குன சாலிட் ஆக்சிலை (ரெண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையா சேக்கற அச்சு) குட்டி யானையில இருந்து இன்னும் இறக்கவே இல்ல, அதுக்குள்ள மேஸ்திரி கேட்ட மொத கேள்வி இது. சும்மா நிக்கிற வண்டியத்தாங்க அளந்தேன்னு சொன்னேன். அப்போ இன்னைக்கு கிரௌன் பினியன் (ஆக்சில் நடுவுல இருக்கிற பல்சக்கர ஜோடி), கிங் பின் (முன் சக்கரம் திரும்பற அச்சாணி) வேலைய மட்டும் பாக்கறேன், கமான் பட்டை உக்கார்ற சீட்டை வெல்டு வைக்க மாட்டேன், மலைக்குப் போயி லோடு ஏத்தி அளந்துட்டு வாங்கன்னு நேரா சொல்லிட்டார். அன்னைக்கு எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு மழையும் ஒரு காப்பி அறுவடையும் முடிஞ்ச பிறகு யோசிச்சா, அந்த ஒரு கேள்விக்காகவே இந்த பட்டறைய பத்தி எழுதணும்னு தோணுது. பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டார், இருக்கிற வேலைக்கே ஆள் பத்தல. சேலம் செவ்வாய்பேட்டையில பழைய லேத் பட்டறைங்க இருக்கிற சந்துல ஒண்ணு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எதுக்கு இந்த வேலைன்னு சொல்லிடுறேன். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் மாமாவுக்கு காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல மிளகு ஏத்தி விட்டிருக்கோம். தோட்டத்துக்குள்ள உரம், காப்பிப்பழ மூட்டை, தண்ணி டிரம் எல்லாம் இழுக்க ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் இருக்கு. அதுல முன்னாடி ஐஎஃப்எஸ், அதாவது ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி எறங்கற மாதிரி, டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யற கம்பி) வெச்சது. ரோட்டுல அது சொகம், குறையே சொல்ல முடியாது. ஆனா எங்க தோட்டத்துப் பாதை மழை அறுத்த பள்ளமும் முழங்கால் உசர கல்லுமா இருக்கும், அதுல ஒரு சக்கரம் கல்லு மேல ஏறுனா அடுத்த சக்கரம் அந்தரத்துல தொங்கும், அது சும்மா சுத்தும், வண்டி நவராது. லோடு ஏறுனா டிஃபரன்ஷியலும் (ரெண்டு சக்கரத்துக்கும் சுத்தை பிரிச்சுக் குடுக்கற கியர் பெட்டி) சேஸிஸோட சேந்து கீழ இறங்கிடும், கல்லுல தட்டும். ஆர்ம் புஷ் போகுது, சக்கரத்துக்குப் போற ஜாயின்டை மூடுற ரப்பர், அந்த சிவி பூட் கிழியுது, உள்ள மண்ணு போயி ஜாயின்ட் கடகடன்னு சத்தம் போடுது. ரெண்டு சீசன்ல மூணு தடவை ஒரே பக்க ஜாயின்டை மாத்துனோம்.

சாலிட் ஆக்சில்ல அப்படி இல்ல. ஒரே கட்டையா இருக்கறதால ஒரு பக்கம் மேல ஏறும்போது அதுவே அடுத்த பக்கத்தை கீழ அழுத்தும், ரெண்டு டயரும் மண்ணைப் புடிச்சிக்கிட்டே இருக்கும். எவ்வளவு லோடு ஏத்துனாலும் ஹவுசிங்குக்கும் தரைக்கும் நடுவுல உள்ள இடைவெளி மாறாது, ஏன்னா அது டயரோடவே நிக்குது. டொயோட்டா பிக்கப்புல 1985 வரைக்கும் அமெரிக்காவுல முன்னாடி சாலிட் ஆக்சில்தான் குடுத்தாங்க, 1986ல ஐஎஃப்எஸ்க்கு மாத்துனாங்க. காட்டுல ஓட்டற ஆளுங்க அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் வீட்டு கேரேஜ்லயே பழையபடி சாலிட் ஆக்சிலுக்கு மாத்திக்கிட்டு இருக்காங்க. அதைப் பாத்துதான் நானும் மாமா பையனும் தோட்டத்து ஷெட்டுலயே செஞ்சிரலாம்னு இறங்குனோம்.

இந்த எடத்துல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து ஆர்சி விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் உறுதி பண்ணுச்சு. எங்க பிக்கப் தோட்டத்து கேட்டை தாண்டறதே இல்ல. ஆக்சிலைத்தான் கீழ கொண்டு போனோம், வண்டிய இல்ல. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை ரோட்டுல வீட்டுல செஞ்ச ஸ்டீரிங்கோட பஸ்ஸுக்கு எதிர்ல இறங்கறத நினைச்சே பாக்காதீங்க, நான் சொல்றது எல்லாம் சொந்த நெலத்துக்குள்ள ஓடுற வண்டிக்கு மட்டும்தான்.

ஆக்சில் வெளியூர்ல ஒரு பழைய இரும்பு யார்டுல வாங்குனது, பழைய ஜீப்புல இருந்து கழட்டுன முன் ஆக்சில், 28,000 ரூபா. உங்க வண்டி பின் ஆக்சிலுக்கும் இதுக்கும் ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த பினியன் எத்தனை சுத்து சுத்தணும்ங்கற கணக்கு) ஒண்ணுதாங்க, கண்ண மூடிக்கிட்டு போடுங்கன்னு விக்கறவர் சொன்னார், நானும் நம்பிட்டேன். மேஸ்திரி நம்பல. ஆக்சிலை ரெண்டு மரக்கட்டை மேல உக்கார வெச்சு ஒரு பக்க ஹப்பை அசையாம கட்டிட்டார், பினியன் ஃபிளேஞ்சுல சாக்பீஸ்ல ஒரு கோடு, ஹவுசிங்ல ஒரு கோடு. இன்னொரு ஹப்பை சரியா ரெண்டு சுத்து சுத்தச் சொன்னார். ஒரு பக்கம் கட்டியிருக்கும்போது ரெண்டு சுத்துக்கு பினியன் எத்தனை சுத்து வருதோ அதுதான் ரேஷியோ. நாலரைய தாண்டி நின்னுச்சு. வீட்டுக்குப் போயி பின்னாடியும் இதே மாதிரி எண்ணிட்டு போன் பண்ணுங்கன்னார். பின்னாடி நாலு முடிஞ்சு ஒரு விரக்கடை தள்ளித்தான் நின்னுச்சு. அப்புறம் ரெண்டையும் தொறந்து பல்லை எண்ணினா பின்னாடி 9க்கு 37, முன்னாடி 9க்கு 41. அதாவது 4.11 ஒரு பக்கம், 4.56 ஒரு பக்கம். இதை அப்படியே மாட்டி ஃபோர் வீல் போட்டிருந்தா முன்னாடி சக்கரமும் பின்னாடி சக்கரமும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு நிக்கும், சேத்துல வழுக்கி சமாளிச்சிரும், ஆனா காஞ்ச கல்லு மேல டிரான்ஸ்ஃபர் கேஸை (முன்னாடிக்கும் பின்னாடிக்கும் சுத்தை பிரிக்கற கியர் பெட்டி) நெரிச்சே கொன்னுடும். அவர் எண்ணச் சொல்லலைன்னா அது நடந்து முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

அதே ஹவுசிங்குக்கு 9க்கு 37 செட் கிடைக்க மூணு வாரம் ஆச்சு, அதுக்கு 11,000 தனியா போச்சு. யார்டுக்காரர் போனை எடுக்கவே இல்ல.

இப்ப அந்த லோடு விஷயம். பட்டை சீட்டுன்னா ஆக்சில் டியூப் மேல வெல்டு வைக்கற துண்டு, அது மேலதான் கமான் பட்டை உக்காரும், யூ போல்ட் போட்டு இறுக்குவோம். அந்த சீட்டை எந்த கோணத்துல வெல்டு வைக்கறோமோ அதுதான் ஆக்சில் எப்படி சாஞ்சு நிக்கும்னு முடிவு பண்ணும். கிங் பின்னோட மேல் பக்கம் கொஞ்சம் பின்னாடி சாஞ்சிருந்தாத்தான் வண்டி நேரா போகும், திருப்புன ஸ்டீரிங் தானா திரும்பி வரும், அதுக்குப் பேருதான் காஸ்டர். சைக்கிள்ல முன் ஃபோர்க் சாஞ்சிருக்கே, அதே சங்கதி. காஸ்டர் பத்தலைன்னா வண்டி குடிச்சவன் மாதிரி அலையும். நிறைய வேணும்னு சாச்சீங்கன்னா பினியன் மூஞ்சி கீழ கவுந்துரும், ஆக்சிலுக்கு சுத்தை கொண்டு வர்ற ஜாயின்ட் ஷாஃப்ட் கோணம் கெட்டுப்போயி, அதோட மூட்டுல இருக்கிற யுனிவர்சல் கிராஸ் அடி வாங்கும். ஒண்ணை இழுத்தா ஒண்ணு கெடும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடத்துலதான் நிக்கணும்.

ஆனா பின்பக்கம் லோடு ஏறுனா பின்னாடி பட்டை அமுங்கும், சேஸிஸே பின்னாடி சாயும், அந்த கோணம் மொத்தமும் மாறிடும். எங்க வண்டி தோட்டத்துல காலியா ஓடுறதே கெடையாது, காலியா நிக்கும்போது அளந்து வெல்டு வெச்சா அந்த அளவு வண்டி நிக்கும்போது மட்டும்தான் உண்மை. இதை மேஸ்திரி ஒரு தட்டுவடை செட்டு சாப்பிடற நேரத்துல, சந்து முனைக் கடையில நின்னுக்கிட்டே, ரெண்டு கையையும் வண்டி மாதிரி வெச்சு சாச்சு காட்டித்தான் புரிய வெச்சார். புக்குல படிச்சப்ப எனக்கு இது மண்டையில ஏறவே இல்ல.

அப்படி இருந்தும் அவர் நேரா வெல்டு வைக்கல. ஒவ்வொரு சீட்டுக்கும் மூணே மூணு புள்ளி டாக் (தற்காலிகமா ஒட்டி நிறுத்தற வெல்டு) மட்டும் வெச்சு குடுத்தார். அதை மறுபடி குட்டி யானையில ஏத்தி மலைக்கு கொண்டு வந்தோம், சேஸிஸ்ல பட்டைய தற்காலிகமா மாட்டி ஆக்சிலை அதுல தொங்க விட்டு, பின்னாடி பாடியில எரு மூட்டை 14 ஏத்துனோம், எங்க வழக்கமான லோடு அதான். ரெண்டு நாள் அப்படியே நிக்க விட்டோம், புது பட்டை கொஞ்சம் அமுங்கட்டும்னு. அப்புறம் கிங் பின் மூடி மேல கோணமானி வெச்சு பாத்தா காஸ்டர் ரெண்டு டிகிரிக்கும் கம்மி. டாக்கை கிரைண்டர்ல வெட்டி, சாச்சு, மறுபடி பாத்து நாலு டிகிரியில நிறுத்துனோம், பினியனும் ஜாயின்ட் ஷாஃப்டோட சண்டை போடாம இருந்துச்சு. பிக்கப்புக்கு ஷாஃப்ட் கொஞ்சம் நீளம், அதனால தப்பிச்சோம், குட்டை ஜீப்பா இருந்தா ஆக்சில் முனையில சக்கரத்தைத் தாங்கற நக்கிளையே வெட்டி திருப்பித்தான் ஆகணும்னு சொன்னார்.

வண்டிக்கு ஆக்சில் நேரா நிக்குதான்னு பாக்க பெரிய மெஷின் ஒண்ணும் வேணாம். கொத்தனார்கிட்ட இருக்கிற தூக்கு குண்டும் ரசமட்டமும் போதும். சேஸிஸ்ல இருந்து குண்டைத் தொங்க விட்டு சிமெண்ட் தரையில புள்ளி வெச்சு, முன் வலதுல இருந்து பின் இடது, முன் இடதுல இருந்து பின் வலது, ரெண்டு குறுக்கையும் டேப்புல அளந்தோம். மொத அளவுல 9 மில்லி வித்தியாசம், ரெண்டாவது தடவை ஒரு மில்லிக்குள்ள கொண்டு வந்துட்டோம். மாமா பையன் அந்த புள்ளிங்கள பெயிண்ட்ல வெச்சிருக்கான், இன்னும் ஷெட்டுத் தரையில இருக்கு.

மூணாவது தடவை பட்டறைக்குப் போனப்பத்தான் முழு வெல்டு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஒரு சீட்டு வெறும் டியூப் மேல வருது, இன்னொண்ணு டிஃபரன்ஷியல் வார்ப்பு ஓரத்துல வருது. வார்ப்பு பக்கம் கேஸ் டார்ச்ல சூடு பண்ணி, கைய பக்கத்துல கொண்டு போக முடியாத அளவுக்கு ஆன பிறகுதான் ராடு புடிச்சார். ஒரே இழுப்பா இழுக்கல. ஒரு இன்ச், நிறுத்து, எதிர்ப்பக்கம் ஒரு இன்ச், நிறுத்து. இல்லைன்னா டியூப் வாழப்பழம் மாதிரி வளைஞ்சிரும், வெளிய தெரியாது, ஷாஃப்ட்டும் சீலும் போன பிறகுதான் தெரியும். முடிச்சதும் தண்ணி ஊத்தல, சாக்கு போட்டு மூடி விட்டுட்டார், தானா ஆறட்டும்னு. காலையில 11 மணிக்கு ஆரம்பிச்ச வேலை, சாக்கை எடுத்தப்ப ராத்திரி 8.

ராடு விஷயமும் சொல்லணும், இது மலையில வெல்டிங் பண்ற எல்லாருக்கும் உபயோகப்படும். இந்த மாதிரி வேலைக்கு 7018 ராடுதான் போடுவாங்க, அதோட பூச்சு ஈரத்தை இழுத்துக்கும், ஈர ராடுல வெச்ச வெல்டு வெளிய அழகா இருக்கும், உள்ள பொத்தலும் விரிசலுமா இருக்கும். ஏற்காட்டு மூடுபனியில டப்பாவைத் தொறந்து வெச்சாலே போச்சு. சேஸிஸ்ல ஹேங்கர் (கமான் பட்டை முனை மாட்டற பிராக்கெட்) வெல்டு வைக்க பட்டறையில இருந்து ஒரு தம்பி ரெண்டு நாள் மேல வந்தார், கீழயே அடுப்புல 300 டிகிரி பக்கம் காய வெச்ச ராடை ஒரு மூடி போட்ட டின்னுல போட்டு, ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து மூடுனார். ரெண்டாவது நாள் மத்தியானம் பனி இறங்குச்சு, அண்ணா இன்னைக்கு வேணாங்க, காலையில பண்ணிக்கலாம்னு மெஷினை நிறுத்திட்டார். ஒரு நாள் கூலி போகுதேன்னு அவர் பாக்கல. சேஸிஸ் ஓரத்துல குறுக்கா கோடு போட்ட மாதிரி வெல்டு வைக்காம, கனமான பிளேட்டை சாய்வா வெட்டி அதை உக்கார வெச்சு அது மேலதான் ஹேங்கரை வெச்சார். வேலைக்கு முன்னாடி பேட்டரி வயரை கழட்டிட்டு டீசல் டேங்கையும் இறக்கிட்டோம்.

ஸ்டீரிங்குக்கு ரெண்டு விஷயத்துல மேஸ்திரி முடியாதுன்னு சொன்னார், ரெண்டுக்கும் நான் கையெடுத்துக் கும்பிடறேன். பழைய டிராக் லிங்கை (ஸ்டீரிங் பெட்டியில இருந்து சக்கரத்துக்குப் போற கம்பி) நடுவுல வெட்டி ஒட்டி நீளம் பண்ணித் தாங்கன்னு கேட்டேன். மாட்டேன்னுட்டார். கனமான சீம்லெஸ் டியூப் வாங்கி வரச் சொல்லி, லேத்துல ஒரு முனையில வலது மரை, இன்னொரு முனையில இடது மரை போட்டு டை ராட் எண்ட் மாட்டிக் குடுத்தார். இப்ப எண்டை கழட்டாமலே டியூபைத் திருகி ஸ்டீரிங்கை நேர் பண்ணிக்கலாம். அந்த மரைய கையில பாத்தா தெரியும் வேலைக்காரன் யாருன்னு, எண்டு உள்ள போறப்ப ஆட்டமும் இல்ல, இறுக்கமும் இல்ல, ஒரே சீரா போச்சு. ரெண்டாவது, எங்க ஆக்சில் பின்னாடிய விட மொத்தமா 4 இன்ச் குறுகல், அதுக்கு வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளிய தள்ளி வைக்கற வளையம்) கடைஞ்சு தாங்கன்னு கேட்டேன். சக்கரம் கழண்டா நான் வந்து நிக்க முடியாதுங்கன்னு ஒரே வார்த்தை. அதனால குறுகலாவே விட்டிருக்கோம். சேத்துல இதுக்கு ஒரு விலை இருக்கு, முன் சக்கரம் போட்ட தடத்துல பின் சக்கரம் விழாது, புதுசா தடம் வெட்டிக்கிட்டுத்தான் வரும், இஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

குறைன்னு பாத்தா, யூ போல்ட் பிளேட்டுல இடது பக்கம் ரெண்டு ஓட்டை தப்பா போட்டுட்டாங்க, மலைக்கு வந்து மாட்டும்போதுதான் தெரிஞ்சுது. காசு வாங்காம புதுசா பண்ணிக் குடுத்தாங்க, ஆனா எனக்கு ஒரு நாளும் ஒரு நடை வண்டி வாடகையும் போச்சு. சொன்ன தேதிக்கு எதுவும் முடியாது, ரெண்டு வாரம்னா நாலு வாரம்னு வெச்சிக்கோங்க. அமாவாசைக்கு பட்டறை லீவு. பில்லு கிடையாது, துண்டு சீட்டுல எழுதித் தருவாங்க. போனை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பண்ணாத்தான் எடுப்பாங்க. பிரேக் வேலை அவங்க தொட மாட்டாங்க, ஆக்சில் கீழ தொங்கும்போது பத்தற மாதிரி நீளமான ஹோஸை நாங்களே தனியா வாங்கி மாட்டி காத்து எடுத்தோம். கிங் பின் பேரிங், சீல், கிரௌன் பினியன் செட்டிங், சீட்டு, டிராக் லிங்க், மேல வந்த கூலி எல்லாம் சேந்து பட்டறைக்கு மட்டும் 19,500 குடுத்தேன். கிங் பின் ஷிம்மை (இறுக்கம் சரி பண்ற மெல்லிசு தகடு) ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பாத்துத்தான் வெச்சாங்க, கையில ஆட்டிப் பாத்து போதும்னு விடல. என்னைக் கேட்டா அந்தக் காசு கம்மி.

வண்டி இப்ப எப்படி இருக்குன்னா, குதிக்குது. அது உண்மை. ஐஎஃப்எஸ் சொகம் போயே போச்சு, முன்னாடி கனம் ஜாஸ்தி, சின்ன கல்லுக்கே ஸ்டீரிங் கையில அடிக்கும், வளைஞ்சு திரும்பறதுக்கும் முன்ன விட எடம் ஜாஸ்தி வேணும். ஆனா நாங்க தோட்டத்துல 15, 20ல தான் போறோம், சொகம் எதுக்கு. ஐப்பசி மழையில கீழ் ஓடைப் பாதை பாதி அடிச்சிட்டுப் போன பிறகு, வலது முன் சக்கரத்தை ஒரு பாறை மேல ஏத்தி நிறுத்தி இறங்கிப் பாத்தேன். இடது டயர் பள்ளத்துக்குள்ள போயி மண்ணை அமுக்கிக்கிட்டு நின்னுச்சு, டயர் பக்கவாட்டுல ஈர மண்ணு பிதுங்கி வந்திருந்துச்சு. அதே எடத்துல முன்னாடி எல்லாம் ஆளு எறங்கி கல்லு அடுக்குவோம். இந்த அறுவடை மொத்தத்துலயும் ஒரு தடவை கூட அடுக்கல. மாமா 62 வயசுல தானே ஓட்டி மூட்டை எறக்கறார்.

யூ போல்ட்டை மொத நாள் ஓட்டுன உடனே ஒரு தடவை, ஒரு வாரத்துல ஒரு தடவை, ஒரு மாசத்துல ஒரு தடவை இறுக்கச் சொன்னாங்க. மொத தடவை நிஜமாவே அரை சுத்து வாங்குச்சு, மூணாவது தடவை அசையல. பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீங்க, புதுசுதான் போடணும். ஒன்பது மாசம் ஆச்சு, சீட்டு வெல்டுல மண்ணெண்ணெய் விட்டுத் தொடச்சு, மேல சுண்ணாம்பு தடவி விரிசல் இருக்கான்னு போன வாரம்தான் பாத்தோம், ஒண்ணும் இல்ல. அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அரை அந்த பிளேட்டு ஓட்டைக்கும் தேதிக்கும். போறவங்க ரெண்டு ஆக்சில் ரேஷியோவையும் எண்ணி, லோடு ஏத்தி அளந்து ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு போங்க, மேஸ்திரி அந்தப் பேப்பரைத்தான் மொதல்ல கேப்பார். அடுத்து பின் ஆக்சில் சீல் கசியுது, அதையும் இறக்கி அங்கதான் கொண்டு போகப் போறேன், அமாவாசை கழிச்சு.